ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம்?

ஒவ்வோர் ஆண்டும் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த சில வாரங்களில் எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு விவாதம் தவறாமல் தலைதூக்கும். பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியில் ஆசைப்பட்டு அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்களை ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கோடு படிப்பதா, அல்லது நான்கைந்தை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் படிப்பதா என்பதுதான் அது. எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முதல் கட்சியின் அசையாத தூண். "ஒன்றைக் கையில் எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் தம்பி கீழே வைக்க வேண்டும், நாலு வீட்டில் நுனிப்புல் மேய்ந்த மாடு எந்த வீட்டுக்கும் பால் கறக்காது" என்பார். தம் கட்சிக்கு அவர் நன்னூலையும் துணைக்கு அழைப்பார். மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில், ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும் என்றும், மூன்றுமுறை கேட்டால் பிறருக்கு முறையறிந்து சொல்லும் தகுதி வரும் என்றும் பவணந்தியார் சொல்கிறார். "ஐயா, அங்கே ஒரே நூலைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்கிறாரே தவிர, அது முடியும்வரை வேறு நூலைத் தொடாதே என்று சொல்லவில்லையே" என்று நான் கேட்டால் சிரித்துக்கொண்டு காபிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒரு நேரத்தில் ஒரு நூல் என்பதே நம்முடைய பழைய வழக்கம் என்றும், பலவற்றை ஒன்றாகப் படிப்பது கைபேசி வந்த பிறகு பிடித்துக்கொண்ட சிதறல் என்றும் பலர் பேசுகிறார்கள். தமிழ் வாசிப்பின் கடந்த நூறு ஆண்டு வரலாறு இதற்கு நேர் எதிரானது என்பது என் எண்ணம். நாம் நாவல் படிக்கக் கற்றுக்கொண்டதே பத்திரிகைத் தொடர்கதை வழியாகத்தான். தொடர்கதை படித்தவர் எவரும் ஒரு கதையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியதில்லை. உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் 1940-ல் எழுதத் தொடங்கி, 1942-ல் மறையும் காலம் வரை எழுதிக்கொண்டிருந்தார். 1941-ல் தொடங்கப்பட்ட கல்கி இதழில் அதன் ஆசிரியர் பார்த்திபன் கனவை எழுத ஆரம்பித்தது அந்த இடைவெளிக்குள்தான். இரண்டு பத்திரிகைகளும் வாங்கிய ஒரு வீட்டில், திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் ஓர் இளைஞரின் உண்மைக் கதையும், பல்லவர் காலத்துச் சோழ இளவரசனின் கற்பனைக் கதையும் அதே திண்ணையில், அதே மாதங்களில் படிக்கப்பட்டிருக்கும். அவர்களை யாரும் சிதறிய வாசகர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் அம்மாவின் தலைமுறை இதில் இன்னும் தேர்ந்தது. தெருமுனை வாடகை நூலகத்திலிருந்து சுற்றுக்கு வரும் வார இதழ்களில் ஐந்தாறு தொடர்களை அவர் ஒன்றாகப் படித்துக்கொண்டிருப்பார். எந்தக் கதையில் யார் யாருக்கு மாமியார் என்பதில் ஒருநாளும் குழம்பியதில்லை. "அதெப்படிம்மா எல்லாம் நினைவிருக்கிறது?" என்று கேட்டால், "அடுத்த வீட்டுக் கதையும் எதிர்வீட்டுக் கதையும் உனக்குக் குழம்புகிறதா என்ன?" என்பார். நினைவுக்குத் துணையாக இதழ்களும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. தொடரின் தலைப்புக்குக் கீழே கட்டம் கட்டி, பொடி எழுத்தில் அச்சிடப்படும் முன்கதைச் சுருக்கம்தான் அது. வாசகர் இடையில் வேறு பலவற்றைப் படித்திருப்பார், ஓரிரு வாரம் இதழே கைக்கு வராமலும் போயிருக்கும் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் குறையாக எண்ணாமல் இயல்பாக எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கட்டம் சாட்சி.

அந்தக் காலத்துத் தொடர்கதைகளை இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அப்படியொரு தொகுப்பு என்னிடம் இருக்கிறது. காலிகோ துணி ஒட்டிய முதுகு, ஓரத்தைச் சமமாக வெட்டுகிறேன் என்று பைண்டர் வரிகளின் கடைசி எழுத்துகளையும் சேர்த்து வெட்டிவிட்ட பக்கங்கள், அத்தியாயத்தின் கடைசித் தாளைத் திருப்பினால் அதன் பின்பக்கத்தில் முற்றிலும் வேறொரு சிறுகதையின் நட்டநடுப் பகுதி. அந்தச் சிறுகதையின் தொடக்கமும் முடிவும் அந்தத் தொகுப்பில் இல்லை. யாரோ ஒருத்தி ரயிலடியில் காத்திருக்கிறாள், யாரை எதிர்பார்த்து என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. ஒரே கதையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ள விரும்பிய வாசகருக்குக்கூட, அக்கதை எந்தக் கூட்டத்தின் நடுவே பிறந்தது என்பதை மறைக்க முடியவில்லை.

ஒன்றா பலவா என்று வாசகரைப் பார்த்துக் கேட்பதைவிட, புத்தகத்தைப் பார்த்துக் கேட்பதே சரி என்று நான் கருதுவது இதனால்தான். ஒவ்வொரு நூலும் எந்த நடையில் எழுதப்பட்டதோ அந்த நடையில் படிக்கப்படுவதையே விரும்புகிறது. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்த கதை. அதை இன்று ஐந்து பாகங்களாக வாங்கி, விடுமுறையில் ஒரே மூச்சில் படித்து முடித்ததாகப் பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. படிக்கலாம், தவறில்லை, ஆனால் அப்படிப் படிக்கும்போது சில இடங்கள் துருத்திக்கொண்டு தெரியும். சென்ற வாரம் எங்கே விட்டோம் என்று ஆசிரியர் வாசகரின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் பத்திகள், அத்தியாயந்தோறும் கடைசி வரியில் கதவு தட்டப்படுவதோ இருட்டில் ஓர் உருவம் தென்படுவதோ போன்ற முடிச்சுகள், ஏற்கெனவே தெரிந்த செய்தியை வேறொரு பாத்திரத்தின் வாயால் மீண்டும் சொல்ல வைக்கும் உரையாடல்கள் என எல்லாமே ஏழு நாள் இடைவெளிக்காகச் செய்யப்பட்டவை. இடைவெளியை எடுத்துவிட்டால் அவை வெறும் கூறியது கூறலாக நிற்கின்றன. அந்த நாவலை நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று அளந்து, நடுவில் வேறு நூல்களையும் வைத்துக்கொண்டு படிப்பவர் கல்கியின் கைத்திறனைக் கூடுதலாகவே அனுபவிப்பார்.

நம் காலத்து எடுத்துக்காட்டு, மகாபாரதத்தை நாவல் வரிசையாக மறுபடி சொல்லும் ஜெயமோகனின் வெண்முரசு. 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து 26 நாவல்களாக நிறைவடைந்தது. அதை வெளிவந்த நாளிலேயே படித்து வந்த வாசகர்கள் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒன்றையே படித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைக்க மாட்டோம். காலையில் மகாபாரதம், பிறகு அலுவலக ரயிலில் வேறெதுவோ என்றுதான் அவர்களுடைய வாசிப்பு நடந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நூல் என்ற விதிக்காரர் அந்தப் படைப்பை அது வெளிவந்த முறையில் படிக்கவே முடியாது.

இதையெல்லாம் சொல்வதால் நான் முழுக்கப் பலபுத்தகக் கட்சிக்காரன் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு நாவல்களை ஒன்றாகப் படிப்பதற்கு நான் எதிரி. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கதை குழம்பிவிடும், பெயர் மறந்துவிடும் என்பது. அம்மாவின் தலைமுறைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை என்பதைப் பார்த்துவிட்டோம். என் காரணம் வேறு. கதையைவிட முன்னதாகக் குழம்புவது காதுதான். நல்ல நாவல் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குரல் இருக்கிறது. அந்தக் குரலுக்குக் காது பழகுவதற்கு முதல் முப்பது நாற்பது பக்கங்கள் பிடிக்கின்றன. பழகிய பிறகுதான் ஆசிரியர் சொல்லாமல் விட்டதும் கேட்கத் தொடங்குகிறது. தமிழில் வட்டார வழக்கு இவ்வளவு செழிப்பாக நாவலுக்குள் வந்திருப்பதால் இது நமக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கி. ராஜநாராயணனின் கரிசல் மனிதர்கள் "வந்தாக, சொன்னாக" என்று பேசுகிறவர்கள். கே. டானியலின் பஞ்சமர் நாவலில் பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்தவர். அங்கே மனிதர்கள் "வருகினம், சொல்லுகினம்". இரண்டு வழக்கிலும் மரியாதையும், விலகலும், சில சமயம் கிண்டலும் அந்தச் சிறிய விகுதிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. காலையில் ஒன்றும் இரவில் மற்றொன்றுமாகப் படித்தால் கதை எதுவும் குழம்பாது. ஆனால் இரண்டையும் நம் மனம் தனக்குத் தெரிந்த பொதுத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிடும். கரிசல் சம்சாரி ஒருவர் வரகஞ்சி குடித்துக்கொண்டே சொல்லும் நையாண்டி, செய்தித்தாள் வாசிப்பதுபோல் சப்பென்று கேட்கும். அந்த நிலையில் படித்து முடித்த நாவலைப் படித்ததாகக் கணக்கில் வைப்பதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே நாவல் என்றால் ஒன்று. அதனோடு நாவல் அல்லாத வேறெதுவும் இருக்கலாம் என்பது என்னுடைய பழக்கம். கட்டுரைக்கும் வரலாற்றுக்கும் குரல் இல்லை என்று சொல்லவில்லை. அவை நாவலின் குரலோடு மோதுவதில்லை, அவ்வளவுதான். சில சமயம் மோதாததோடு நிற்காமல், ஒன்றையொன்று வெளிச்சம் போட்டுக் காட்டவும் செய்கின்றன. இப்படிச் சேர்த்துப் படிப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இணை, பொன்னியின் செல்வனும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும்.

நாவலின் உச்சம் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் கொல்லப்படும் இரவு. கொலைப்பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. நந்தினி, ரவிதாசன், பெரிய பழுவேட்டரையர் என்று அந்த இரவில் பலரும் அந்த மாளிகைக்குள் இருக்கிறார்கள். எவருடைய கையால் அது நிகழ்ந்தது என்பதை ஆசிரியர் திட்டமிட்டே மங்கலாக விட்டிருக்கிறார். அந்த இடத்தில் நாவலை மூடி வைத்துவிட்டு வரலாற்றைத் திறந்தால் ஒரு கல்வெட்டு காத்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரின் பெயர்களை அது வெளிப்படையாகச் சொல்கிறது. அவர்களுடைய உற்றார் உறவினரின் நிலபுலன்கள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியும் அதில் வருகிறது. நாவலில் சுடுகாட்டு மந்திரவாதியாகவும் ஆந்தைக் குரலாகவும் நாம் சந்தித்த ரவிதாசன், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நிலப் பத்திரத்தில், பஞ்சவன் பிரமாதிராசன் என்ற அரசுப் பட்டத்தோடு நிற்பதைப் பார்க்கும்போது ஏற்படும் திடுக்கிடல் சாதாரணமானதல்ல. அரண்மனை அதிகாரியைத்தான் கல்கி காட்டுக்குள் அனுப்பி மந்திரவாதியாக்கியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. அந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொலையாளிகளின் உடைமை பறிக்கப்பட்டது இராசராசன் ஆட்சியில்தான் என்றால், இடைப்பட்ட உத்தம சோழன் ஆட்சியில் அவர்கள் ஏன் விட்டுவைக்கப்பட்டார்கள் என்ற கேள்வியே அந்த ஐயத்துக்கு ஊற்றுக்கண். நாவலில் உத்தம சோழனாக முடிசூடும் சாதுவான மதுராந்தகரையும், அவரைச் சுற்றிக் கல்கி பின்னியிருக்கும் ஆள்மாறாட்டத்தையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், நாவலாசிரியர் எந்த வரலாற்றுச் சிக்கலிலிருந்து எப்படி நழுவியிருக்கிறார் என்பது விளங்கும். வரலாற்றை ஆறு மாதம் கழித்துத் தனியாகப் படித்திருந்தால் இந்த விளக்கம் கிடைத்திருக்கும், ஆனால் இந்தச் சூட்டோடு கிடைத்திருக்காது. ஒரேயொரு எச்சரிக்கை மட்டும் சொல்லலாம்: நாவலை முதன்முதலாகப் படிப்பவர் கடம்பூர் இரவு கடக்கும்வரை வரலாற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஒரு நூல் தன்னைப் புரிந்துகொள்ள இன்னொரு நூலைக் கேட்பது புதிய செய்தியும் அல்ல. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், அந்த ஒரு நூலுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் அவர்களுடைய நூல்களையும் வழக்கங்களையும் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சொல்லாமல் மேற்கோளாகக் காட்டியிருந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடப் போய்த்தான் சங்க நூல்களின் ஏடுகளுக்குள் நுழைந்தார். சிந்தாமணி முடியட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று அவர் இருந்திருந்தால் சிந்தாமணியும் முடிந்திருக்காது. நம்மைப் போன்ற சாதாரண வாசகருக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. ஆனாலும் உரையோடு கூடிய எந்தப் பழைய நூலையும் படித்துப் பார்த்தவருக்கு, பக்கத்தில் நான்கு நூல்கள் திறந்து கிடப்பது சோம்பலின் அடையாளம் அல்ல என்பது தெரியும்.

கவிதைக்கு வந்தால் ஒற்றைப் புத்தக விதி முழுவதுமாகத் தோற்றுப்போகிறது. குறுந்தொகையில் 401 பாடல்கள்; பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிபவை. ஒரே அமர்வில் முப்பது பாடல் படிக்க முடியும். படித்தால் பத்தாவது பாடலுக்கு மேல் எல்லாத் தலைவியரும் ஒரே தலைவியாகி, எல்லாக் குறிஞ்சி நிலமும் ஒரே மலையாகிவிடும். நாளுக்கு ஒன்று என்று படித்தால்தான் அந்த நாலு அடிக்குள் வைக்கப்பட்டிருக்கும் பறவையும் பூவும் தனித்தனியாகக் கண்ணில் படும். அப்படிப் படித்தால் நூல் முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் வேறு எதையும் தொடாமல் விரதம் இருப்பவர் யார்? விதியைக் காப்பாற்றுவதற்காகக் குறுந்தொகையையே தள்ளி வைப்பவர்தான் அதிகம். கவிதைத் தொகுப்புகள் விற்பதில்லை என்று பதிப்பாளர்கள் வருந்துவதற்குக்கூட இதில் ஒரு சிறு பங்கு இருக்குமோ என்று தோன்றும்.

இடைவெளி விட்டுப் படிப்பதால் நினைவு கெடும் என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெர்மானியரான எப்பிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி நடத்திய நினைவாற்றல் ஆய்வை 1885-ல் வெளியிட்டார். ஒரே நாளில் அடுக்கடுக்காகப் படிப்பதைவிட, அதே பயிற்சியைப் பல நாட்களுக்குப் பரப்பினால் குறைந்த முயற்சியில் பதிகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அவர் படித்தவை பொருளற்ற அசைகள். ஒரு நாவலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் தகவல் நிறைந்த வரலாற்று நூலையோ அறிவியல் நூலையோ விட்டு விட்டுப் படித்தவர், மறுபடி எடுக்கும்போது இரண்டு பக்கம் பின்னால் போய்த் தொடங்குவார். அந்தப் பின்னோக்கிய இரண்டு பக்கமே நன்னூலார் சொன்ன இருகாற் கேட்டலின் வேலையைச் செய்துவிடுகிறது. இதைத் தமிழாசிரியரிடம் சொன்னபோது முதன்முறையாக அவர் காபிக்குச் சொல்லி அனுப்பவில்லை. "ஆனால் தம்பி, நீங்கள் மறுபடி எடுக்கிறீர்களா என்பதுதானே கேள்வி?" என்றார்.

நியாயமான கேள்விதான். பலவற்றைப் படிப்பதும் எதையும் முடிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல; ஆனால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கைபேசி இதை மோசமாக்குகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி வைத்திருப்பது தமிழுக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் தொட்டவுடன் எதுவும் திறந்துகொள்ளும் என்பதால், திறந்தவை எவை என்றே நமக்கு நினைவிருப்பதில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்த புத்தகம் போகிற வருகிற நேரமெல்லாம் கண்ணை உறுத்தும். கைபேசிக்குள் பாதியில் நிற்கும் புத்தகம் உறுத்துவதில்லை. எனவே மாறி மாறிப் படிப்பதற்குத் தாள் புத்தகமே நல்லது என்பது என் அனுபவம். நூலகப் புத்தகம் அதைவிட நல்லது. முதல் தாளில் ஒட்டிய தவணைச் சீட்டில் ரப்பர் முத்திரையால் குத்திய ஊதா நிறத் தேதி, நான்கு புத்தகங்களில் எதை இன்றைக்கு எடுக்க வேண்டும் என்ற பஞ்சாயத்தை ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

ஒற்றைப் புத்தகக் கட்சியினர் பேசாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் ஆண்டில் சில மாதங்கள் எதையுமே படிப்பதில்லை. காரணம் கேட்டால், கையில் இருக்கும் நாவல் நூறாம் பக்கத்தில் நின்றுவிட்டது, நகர மறுக்கிறது, அதை முடிக்காமல் வேறு எடுக்க மனம் வரவில்லை என்பார்கள். ஒரு மோசமான புத்தகமோ, நல்லதாக இருந்தும் அந்தப் பருவத்துக்கு ஒத்துவராத புத்தகமோ, வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு மற்ற எல்லாப் புத்தகங்களையும் வெளியே நிறுத்திவிடுகிறது. எங்கள் தமிழாசிரியரே தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில் தீபாவளிக்கு முன்பிருந்து சிக்கிக்கொண்டிருக்கிறார். சித்திரை பிறந்தும் விடுபடவில்லை. அவர் மேசையில் அதற்குப் பக்கத்தில் குறுந்தொகை ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இதுவரை அவர் அதைத் திறக்கவில்லை. ஆனால் திருப்பி எடுத்துப் போகச் சொல்லவும் இல்லை.